கொங்கு மண்ணில் சீமைக்காரர் தொழில்கள்

கொங்கு நாட்டில் குடியேறித் தொழில் நடத்திய ஐரோப்பியரின் வரலாறு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியோடு தொடங்குகிறது. சேலம் பகுதி 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்குக் கிடைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்துத் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயம்புத்தூரும் வந்து சேர்ந்தது. அப்போது இங்கே இருந்த வெள்ளையர் பெரும்பாலும் கம்பெனியின் ஊழியர்களே. சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் தொடங்க நினைத்த ஆங்கிலேயனுக்குக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் குடியிருக்கவே உரிமை கிடையாது. 1813இல் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம்தான் ஐரோப்பியர் தடையின்றி வந்து வாழவும் நிலம் வைத்துக்கொள்ளவும் வழிவிட்டது. அதே சட்டம் கம்பெனியின் வணிகத்தையும் முடித்துவைத்தது.

பணக்கார நாட்டில் பிறந்தவர் ஏழை நாட்டில் குடியேறித் தொழில் செய்வது அந்த நூற்றாண்டில் உலகெங்கும் நடந்தது. இலங்கையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஐரோப்பிய வணிகர்கள் பருத்தி வாங்கினார்கள். கொங்கு நாட்டுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனால் அவர்கள் தொட்ட தொழில்கள் பல: மணிக்கல், இரும்பு, பருத்தி, காப்பி, தேயிலை, நூற்பு, பேருந்து. இவற்றில் சில அழிந்தன, சில வேரூன்றின. எது வேரூன்றியது, ஏன் என்பதில்தான் இந்த வரலாற்றின் பயன் இருக்கிறது.

முதலில் குறிப்பிட வேண்டியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனிக்காகத் துணி முதலான சரக்கைக் கொள்முதல் செய்யும் வணிக அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர் இவர். காங்கேயத்தை அடுத்த படியூரில் நீலப்பச்சை மணிக்கல் கிடைப்பதை அறிந்து, 1819–20இல் அங்கே சுரங்கம் வெட்டினார். 2,000க்கும் மேற்பட்ட கற்கள் எடுக்கப்பட்டன. படியூர்க் கல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நொய்யல் கரையில் கொடுமணலில் பட்டை தீட்டப்பட்ட கொங்கு மணிகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேற்குக் கடற்கரை வழியாக ரோமுக்குப் போயின. அவற்றுக்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் இந்தப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. ஹீத்தின் சுரங்கமோ நீடிக்கவில்லை. அவர் மனம் வேறொன்றில் ஊன்றியிருந்தது.

அது இரும்பு. சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது நிறையக் கிடக்கிறது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் களிமண் உலை கட்டி, மரக்கரியை எரித்து, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுக்கும் கொல்லர்கள் பல தலைமுறைகளாக இருந்தனர். 1800இல் இந்தப் பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இத்தகைய உலைகளை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஹீத் அந்தக் கொல்லர்களின் வேலையைக் கவனித்துப் படித்தவர். மூசையில் உருக்கு செய்யும் இந்திய முறையைப் பற்றி 1839இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. ஆனால் தொழில் என்று வந்தபோது அவர் கொல்லரின் வழியில் போகவில்லை. கம்பெனி வேலையை விட்டு விலகி, அரசிடம் முன்பணமும் தனியுரிமையும் பெற்று, 1830இல் கடலோரத்துப் பரங்கிப்பேட்டையில் ஆங்கில முறையில் பெரிய ஊதுலைகளை எழுப்பினார். தாது சேலத்திலிருந்து வர வேண்டும், கரி காடுகளிலிருந்து வர வேண்டும், செய்த இரும்பு கப்பலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்பது திட்டம்.

இரும்பு நன்றாகவே வந்தது. வேல்ஸ் நாட்டு மெனாய் நீரிணையின் மேல் கட்டிய பிரித்தானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பும் சேர்ந்தது. கணக்குத்தான் ஒத்துவரவில்லை. பெரிய உலை கேட்ட கரிக்கு ஈடுகொடுக்கச் சுற்றுக்காடுகளால் முடியவில்லை. தொலைதூரத்திலிருந்து கரியும் தாதும் கொண்டுவரும் செலவு ஏறிக்கொண்டே போனது. 1833இல் நிறுவிய கம்பெனியும் 1853இல் அதன் இடத்துக்கு வந்த கம்பெனியும் சேலம் பகுதியிலும் மலபாரின் பேப்பூரிலும் கிளைகள் திறந்து பார்த்தன. 1860களில் எல்லாம் அடங்கிவிட்டது. ஹீத் அதற்கு வெகுமுன்பே இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு உருக்காலைகள் அந்த முறையால் பெரும் பணம் சேர்த்தன. கண்டுபிடித்தவரோ வழக்குகளில் சொத்தை இழந்து 1851இல் வறுமையில் இறந்தார். கொங்கு மண்ணில் அவர் விட்டுச்சென்ற வெறுமையும் உண்டு. பேருலைகள் நின்றன, அவற்றுக்குப் பின் ரயிலேறி வந்த மலிவான சீமை இரும்பு கொல்லரின் சிற்றுலைகளையும் அணைத்தது.

ஹீத்தின் கூட்டாளியாக இருந்து பின் தனியே தொழில் நடத்திய ஜி. எஃப். பிஷர் வேறு வகை மனிதர். அவுரி, பருத்தி என்று உள்ளூர் விளைபொருள்களில் பணம் போட்டு, சேலத்தில் ஜமீன் நிலமும் வாங்கி, அங்கேயே வாழ்ந்தார். ஐரோப்பியர் ஒருவர் தமிழ்நாட்டில் ஜமீன்தாராக இருந்தது அரிய நிகழ்வு. பெரிய இயந்திரம் எதையும் அவர் கொண்டுவரவில்லை. அதனால்தான் ஹீத்தைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தார் என்று கொள்ள இடமிருக்கிறது.

பருத்தியில் நடந்த முயற்சி அரசே செய்தது. மான்செஸ்டர் ஆலைகள் அமெரிக்கப் பருத்தியை மட்டும் நம்பியிருக்க விரும்பவில்லை. இந்தியாவில் நீண்ட இழைப் பருத்தி விளைய வேண்டும் என்று நெருக்கின. கம்பெனி 1840இல் மிசிசிப்பிப் பக்கத்திலிருந்து பத்து அமெரிக்கப் பருத்தி விவசாயிகளைச் சம்பளத்துக்கு அழைத்துவந்து மூன்று மாகாணங்களுக்கும் பிரித்து அனுப்பியது. சென்னை மாகாணத்தின் சோதனைப் பண்ணைகளுக்குக் கோயம்புத்தூர் மையமாயிற்று. 1842 முதல் 1853 வரை அவற்றை நடத்தியவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெருந்தொகுதிகளுக்காகத் தாவரவியலார் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். அந்த நூல்களின் படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்களும் அதே அளவு போற்றப்பட வேண்டியவர்கள்.

அமெரிக்கர்கள் தங்கள் ஊர்க் கலப்பையையும் பற்சக்கரப் பருத்தி அரவை இயந்திரத்தையும் நியூ ஆர்லியன்ஸ் விதையையும் கொண்டுவந்தார்கள். ஆனால் மழை அவர்கள் ஊர் மழையாக இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செடியை வாட்டியது. ஐப்பசி மழை தவறினால் விளைச்சலே போயிற்று. உள்ளூர் உழவரின் கணக்கு இன்னும் தெளிவாக இருந்தது. உப்பம் பருத்தியும் நாடம் பருத்தியும் தானியத்தோடு ஊடுபயிராக வளரும், வறட்சியைத் தாங்கும். புதிய விதையில் விளைந்த நல்ல பருத்தியைத் தரகர் மட்டப் பருத்தியோடு கலந்து ஒரே விலைக்கு எடுத்தால், அதைப் பயிரிட்டவனுக்கு என்ன லாபம்? பதினோரு ஆண்டுகளில் பண்ணைகள் மூடப்பட்டன. விதை மாற்றம் நடக்கவே நடக்காது என்று இதற்குப் பொருளில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்த கம்போடியா பருத்தியைக் கொங்கு வேளாளர் ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டனர். ஆனால் அவர்கள் அதை மானாவாரியில் போடவில்லை. மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பாய்ச்சும் கிணற்றுத் தோட்டத்தில் போட்டார்கள். அமெரிக்க வல்லுநர்கள் பார்க்காமல் விட்டது அந்தக் கிணற்றைத்தான்.

இதற்கிடையே நிலைமையை மாற்றியது ரயில். சென்னையிலிருந்து மலபார்க் கடற்கரைக்குப் போட்ட பாதை போத்தனூரைத் தொட்டு 1862இல் முழுமையாகத் திறந்தது. கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை செல்லும் கிளை 1873இல் வந்தது. நீலகிரியில் 1830களிலிருந்து பரவிவந்த காப்பித் தோட்டங்களுக்கு இப்போது மலையடிவாரத்தில் ஒரு வாசல் கிடைத்தது. அந்த வாசலில் கடை விரித்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ்.

1841இல் லண்டனில் பிறந்த ஸ்டேன்ஸ் 1858இல், பதினேழு வயதில், குன்னூருக்கு வந்தார். அண்ணன் அங்கே தோட்டக்காரர். மலையில் இருந்து தோட்டம் பார்ப்பதைவிட, எல்லாத் தோட்டங்களின் காப்பியும் வந்து சேரும் இடத்தில் இருப்பதே மேல் என்று இளைஞர் உணர்ந்துகொண்டார். 1861இல் டி. ஸ்டேன்ஸ் கம்பெனி தொடங்கியது. கோயம்புத்தூரில் அதன் முதல் பெருந்தொழில் காப்பி பதனிடுவது.

இந்தத் தொழிலின் நுட்பத்தைத் தெரிந்துகொண்டால்தான் கோயம்புத்தூர் ஏன் என்பது விளங்கும். தோட்டத்தில் பறித்த பழத்தின் சதையை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, மேல்தோலோடு அரைகுறையாகக் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். மலையின் பனியிலும் ஈரத்திலும் அதை முழுதாகக் காயவைக்க முடியாது. அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் கோயம்புத்தூர்ச் சமவெளியில் வெயில் காயும், காற்று உலர்ந்திருக்கும். மாட்டுவண்டியில் இறங்கிய மூட்டைகளை இங்கே பெரிய களங்களில் கொட்டிப் பரப்பிக் கிளறிக் காயவைத்து, இயந்திரத்தில் தோல் உரித்து, மெருகேற்றி, பருமன்வாரியாகச் சலிப்பார்கள். பிறகு வரிசை வரிசையாக அமர்ந்த பெண்கள் கறுப்புக் கொட்டை, உடைந்த கொட்டை, பூச்சிக் கொட்டை ஆகியவற்றைக் கையால் பொறுக்கி நீக்குவார்கள். லண்டன் ஏலத்தில் ஒரு தோட்டத்தின் காப்பிக்குக் கிடைத்த விலை, இந்தப் பெண்களின் கண்ணையும் விரலையும் பொறுத்தே அமைந்தது. அந்த உழைப்பாளிகளின் பெயர்கள் நிறுவன வரலாறுகளில் இல்லை.

பதனிடும் நிறுவனங்கள் கூலிக்கு வேலை செய்வதோடு நிற்கவில்லை. வரப்போகும் விளைச்சலை ஈடாக வைத்துத் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுத்தன. உரம், அரிசி, கருவி வாங்கி அனுப்பின. கப்பலேற்றி விற்றுக் கணக்கு முடித்தன. கள்ளிக்கோட்டையில் 1862இல் தொடங்கிய பியர்ஸ் லெஸ்லி கம்பெனியும் கோயம்புத்தூரில் இதே தொழிலை நடத்தியது. 1869இல் இலங்கையில் தோன்றிய காப்பி இலைத் துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்திய மலைகளுக்கும் வந்து தோட்டங்களை அழித்தபோது, ஒரே தோட்டத்தை நம்பியவர்கள் ஒழிந்தனர். பல தோட்டங்களின் கணக்கை வைத்திருந்தவர்கள் தேயிலைக்கும் உரத்துக்கும் மாறிப் பிழைத்தனர். ஸ்டேன்ஸ் குடும்பம் பின்னர் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஒன்றுசேர்த்து 1922இல் யுனைடெட் நீலகிரி தேயிலைக் கம்பெனியை உருவாக்கியதும் இந்த வழியில்தான்.

இருபத்தொரு வயதில், 1862இல், ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ரயில்வே வேலைக்கு வந்த ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எழுந்த அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. 1866இல் கோயம்புத்தூர் நகராட்சி அமைந்தபோது அதன் முதல் தலைவராக அவரையே நகர வரலாறு குறிப்பிடுகிறது. வந்த எட்டாவது ஆண்டில் இருபத்தைந்து வயது வணிகர் ஒருவர் நகரின் தலைவராவது திறமையால் மட்டும் நடந்ததன்று. ஆள்வோர் இனத்தில் பிறந்ததும் அதற்குக் காரணம். இதைச் சொல்லாமல் அவருடைய தொழில் திறமையை மட்டும் புகழ்வது வரலாறு ஆகாது. திறமையும் உண்மை, சலுகையும் உண்மை.

1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலைதான் நகரின் வாழ்வைத் திருப்பியது. ஊரார் வாயில் அது ‘ஸ்டேன்ஸ் மில்’. அதற்குமுன் சென்னையில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தோன்றியிருந்தன. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்து நீர்வீழ்ச்சியை நம்பியும் தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பியும் ஆலை கட்டினர். கோயம்புத்தூருக்குத் துறைமுகமும் இல்லை, ஆலைக்கு அருகே அருவியும் இல்லை. இருந்தவை வேறு: சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல், எரிபொருளும் இயந்திரமும் கொண்டுவர ரயில், நூல் அறாமல் ஓட உதவும் மிதமான தட்பவெப்பம், நூல் வாங்கக் காத்திருந்த கைத்தறி ஊர்கள்.

இந்த ஆலை உருவானதில் எஸ். பி. நரசிம்மலு நாயுடுவின் பங்கைச் சேர்த்தே பேச வேண்டும். பத்திரிகையாளர், பயண நூலாசிரியர், பிரம்ம சமாஜத்தவர், நகரமன்றத்துக்காகவும் சிறுவாணித் தண்ணீருக்காகவும் குரல் கொடுத்தவர். ஊரில் நூற்பாலை வர வேண்டும் என்று எழுதியும் பேசியும் ஆலை முயற்சியில் துணை நின்றவர். போத்தனூரில் சர்க்கரை ஆலை அமைக்கும் முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. வெளியிலிருந்து வந்தவரின் இயந்திர அறிவும் லண்டன் தொடர்பும் ஒருபக்கம்; உள்ளூரில் பிறந்தவரின் நம்பகமும் ஊர் அறிவும் மறுபக்கம். கொங்கு நாட்டில் சீமைக்காரர் தொடங்கிய தொழில்களில் நிலைத்து நின்றவை பெரும்பாலும் இப்படி இரண்டும் கலந்தவை. ஹீத்தின் பேருலைகளுக்கும் அமெரிக்கப் பண்ணைகளுக்கும் வாய்க்காதது இந்தக் கலப்பு.

ஆலைக்கு ஆள் வந்தது சுற்றுக் கிராமங்களிலிருந்து. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலமற்றவரும் சிறு உழவரும் ஆலை வாசலுக்கு வந்தனர். ஜாபர் எனப்பட்ட ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளர் வழியாகத்தான் வேலை கிடைக்கும். அவருக்குக் கையூட்டும் போகும். சங்கு ஊதியதும் உள்ளே போய், பொழுது சாய்ந்து வெளியே வரும் வாழ்க்கைக்கு ஒரு வேளாண் சமூகம் பழகியது இங்கேதான். இங்கிலாந்தில் ஐம்பது ஆண்டுகள் போராடிப் பெற்ற வேலைநேரக் கட்டுப்பாடுகள் இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் குழந்தைகளுக்கு மட்டும் ஓரளவு வந்திருந்தன. மலிவான உழைப்பே ஐரோப்பிய முதலீட்டை இந்த ஊருக்கு ஈர்த்த காரணங்களில் ஒன்று.

மலையில் அந்த உழைப்பின் நிலை இன்னும் கடுமையானது. ஆனைமலையில் காப்பித் தோட்ட முயற்சிகள் 1840களிலிருந்தே நடந்தன. 1864இல் கர்நாடிக் காப்பிக் கம்பெனி வந்து நட்டப்பட்டது. 1890களில் கார்வர் மார்ஷும் அவரைத் தொடர்ந்து காங்கிரீவும் காட்டைத் திருத்தித் தோட்டங்களை விரித்தபின்தான் வால்பாறை தேயிலை நாடாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து ஏறும் சாலையில் கவர்க்கல் அருகே மார்ஷின் சிலை இன்றும் நிற்கிறது. அதே காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த காடர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களுக்குச் சிலை இல்லை.

தோட்டம் போட்டவர்களுக்கு அரசு இரண்டு வகையில் கைகொடுத்தது. ஒன்று நிலம்: 1860களின் தரிசு நில விதிகள், ஊர்களும் பழங்குடிகளும் பயன்படுத்திவந்த காட்டை ‘தரிசு’ என்று குறித்துத் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தன. மற்றொன்று ஆள்: முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் அவனைச் சிறையில் அடைக்க 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் இடம் தந்தது, 1903இல் சென்னை மாகாணத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதையே தோட்டங்களுக்கென்று வகுத்தது. சமவெளிக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த மேஸ்திரிமார், மலையேற்றிய குடும்பங்களின் கடனைத் தங்கள் கணக்கில் வைத்திருந்தனர். மலைக்காய்ச்சலில் இறந்தவர்கள் பலர். தோட்ட மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் இந்த வாழ்வைச் சொல்லிற்று, இரா. முருகவேளின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ அதைத் தமிழ் வாசகரிடம் சேர்த்தது. 1893இல் அமைந்த தென்னிந்தியத் தோட்டக்காரர் கூட்டமைப்பு பெரிய துரை, சின்ன துரைகளின் குரலாக அரசிடம் பேசியது. தொழிலாளிக்கு அப்படியொரு குரல் கிடைக்க நெடுங்காலமாயிற்று.

கீழே நகரத்தில் நடந்தது வேறு. ஸ்டேன்ஸ் மில்லைப் பார்த்து உள்ளூர்ச் செல்வர்கள் கற்றுக்கொண்டனர். பருத்தி அரவை, பொதி கட்டுதல் என்று தொடங்கி, 1910ஐ ஒட்டிச் சோமசுந்தரம் செட்டியாரின் காளீஸ்வரா மில்லும் ஜி. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில்லும் எழுந்தன. 1922இல் பீளமேட்டில் பி. எஸ். ஜி. குடும்பத்தின் ரங்கவிலாஸ் வந்தது. இயந்திரங்கள் இன்னும் லங்காஷயரிலிருந்தே வந்தன. ஆனால் முதலாளியும் பருத்தி வாங்குபவரும் இப்போது ஊர்க்காரர். நாயுடு, செட்டியார், கவுண்டர் குடும்பங்களின் வேளாண் வருமானமும் வட்டி வருமானமும் பங்குகளாயின. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் நீராவிக் கொதிகலனுக்குச் செலவிட முடியாதவரும் ஆலை தொடங்க முடிந்தது. அந்தப் பத்தாண்டில் ஆலைகள் பெருகி ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியத் தொழிலின் தனித்தன்மை அத்துடன் கரைந்தது. வேரூன்றிய தொழில் உள்ளூர்க் கைகளில்தான் கிளை பரப்பியது.

இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு மனிதரின் வாழ்வு நல்ல சான்று. கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளை அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டி இயந்திரம் பழகியவர். 1920இல் அவர் பேருந்து வாங்கப் பணம் தேடியபோது ஸ்டேன்ஸ் 4,000 ரூபாய் கடன் கொடுத்தார் என்பது கோவையில் யாவரும் சொல்லும் செய்தி. அந்தப் பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. ஸ்டேன்ஸ் நிறுவனமும் மோட்டார்த் துறையில் இறங்கியிருந்தது என்பதை நினைத்தால் அந்தக் கடனின் பெருந்தன்மை புலப்படும்; போட்டியாளராக வரக்கூடியவருக்குக் கொடுத்த கடன் அது. பின்னர் நாயுடு சொந்தப் பேருந்து நிறுவனத்தை வளர்த்தெடுத்தார், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவில் உருவாக்கிய முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். கோயம்புத்தூரின் மோட்டார் பம்புத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. கவலை இறைத்த கிணறுகள் பம்பு செட்டுக்கு மாறின.

1920இல் சர் பட்டம் பெற்ற ராபர்ட் ஸ்டேன்ஸ் 1936இல், தொண்ணூற்றைந்தாம் வயதில், இறந்தார். அவர் காலத்து மற்ற வெள்ளையரில் பலர் ஓய்வு பெற்றதும் கப்பலேறிச் சொந்த ஊர் போனார்கள். இவர் எழுபத்தெட்டு ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தார். தொழிலாளிகளுக்கும் ஆலைக்கும் இடையிலான உறவு அதற்குள் முறுகியிருந்தது. 1930களில் கோயம்புத்தூர் ஆலைகளில் தொழிற்சங்கம் வேரூன்றி வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1946 நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் தொழிற்சங்கங்கள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. நிறுவனரின் பெயரைத் தாங்கிய பள்ளியும் அந்த ஆலையின் தியாகிகள் நாளும் ஒரே ஊரின் நினைவில் சேர்ந்தே வாழ்கின்றன.

விடுதலைக்குப் பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் படிப்படியாக இந்தியர் கைக்கு வந்தன. டி. ஸ்டேன்ஸ் கம்பெனி சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தில் சேர்ந்து, உரமும் பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களும் செய்யும் நிறுவனமாகத் தொடர்கிறது. நூற்பாலை நலிவடைந்து, 1974ஆம் ஆண்டின் தேசியமயச் சட்டத்தால் தேசிய ஜவுளிக் கழகத்தின் கீழ் வந்தது. வெளிநாட்டு அறிவு அதன்பின் வேறு வழியில் வந்தது: 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து நூற்பு இயந்திரங்களை இங்கேயே செய்தது. திருப்பூருக்கு 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்து வெள்ளைப் பனியன் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்ததிலிருந்து அந்த ஊரின் நேரடி ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியது என்று திருப்பூர்க்காரர் கூறுவர். அவர் வந்தார், சரக்குப் பார்த்தார், போய்விட்டார். தோட்டமோ ஆலையோ வைக்கவில்லை. திருப்பூரில் பின்னியதும் தைத்ததும் முதல் போட்டதும் கொங்கு மக்களே. இன்று அந்நகரில் அலுவலகம் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களில் பெரும்பாலும் வேலை பார்ப்பவரும் இந்தியரே. ஸ்டேன்சைப் போல வாழ்நாள் முழுவதும் இங்கேயே தங்கித் தொழில் நடத்த இன்றைய வணிகத்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.